வலப்பக்கம் ஸ்டேப்பிள்

"வலப்பக்கம் அடியுங்கோ அன்ரி,
இது பின்னாலிருந்து வாசிக்கிற புத்தகம்."
ஆரணி சொல்ல, ஸ்டேப்பிளரைக் கை மாற்றிப் பிடிக்கிறேன்.
டண்டினோங் சந்தைக்கு எதிரே, பிரதி எடுக்கும் கடை.
பக்கத்துக்குப் பதினைந்து சதம்.
மங்கா என்றால் கறுப்பு மை அதிகம் தின்னும்;
இவர்களுக்கு மட்டும் விலை ஏற்றுவதில்லை.

வரைவது பிரணவன், எழுதுவது ஆரணி.
ஒரே பஸ்ஸில் வந்து
வேறு வேறு நிறுத்தத்தில் இறங்குவார்கள்.
கமலநாதனின் பேரன்,
சிவகடாட்சத்தின் பேத்தி.
கலியாண மண்டபங்களில் இந்த இரண்டு வீட்டுக்கும்
மேசை போடுகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

கதை இதுதான்:
ஒரு பனிக்குகை. அதைக் காத்த இரண்டு குலங்கள்.
ஒரு கோடை இரவில் பனி உருகிப்போனது;
உள்ளே உறைந்திருந்த நாகங்கள் செத்து நாறின.
நீ செய்தாய், உன் தகப்பன் செய்தான் என்று
மூன்று தலைமுறையாக வாள்.
முப்பத்தோராம் பக்கத்தில் குகைவாசலில் ஒரு மூத்தவள்,
மூக்குக்கண்ணாடியில் மணிச்சங்கிலி, என்னுடையதைப் போலவே.
வாயருகே பேச்சுக்குமிழி.
குமிழிக்குள் ஒன்றுமில்லை.

"அவ குறுக்க வரத்தான் வேணும்," ஆரணி.
"இத்தினை பேர் சாகச் சாக
தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்தா அவ என்ன மூத்தவ?"

"வந்தா இரண்டாம் பாகத்தோட கதை சரி,"
அழிறப்பர் தூளை ஊதியபடி பிரணவன்.
"தொடக்கினவையே வந்து முடிச்சுவைச்சா
பிறகு நாங்கள் எதுக்கு?"

நாங்கள் என்றான். குலங்கள் என்று சொல்லவில்லை.
ஆரணி அவனை ஒருமுறை பார்த்தாள்.
நான் கடதாசித் தட்டை நிரப்பப் போனேன்.

தொண்ணூற்றொன்பது ஜனவரி, சனிக்கிழமை, நாற்பத்திரண்டு பாகை.
அவர்கள் இருவரும் பங்குக்கு நடத்திய பலசரக்குக் கடையில்
நான் காசு வாங்குகிறவள், இருபத்துநாலு வயது.
என் பக்கச் சுவரில் ஒரே ஒரு பிளக் துளை,
அதில் ஃப்ரீசர்.
காலடியில் என் சின்ன மின்விசிறி.
பத்து நிமிஷம் என்று பிடுங்கினேன்.
பத்தே நிமிஷம்.
பிறகு பஸ் வந்தது.

திங்கட்கிழமை முதலில் வந்து கதவு திறந்ததும் நான்.
வாசலிலேயே மணம்.
எண்பது கிலோ அறக்குளா, பாரை, கொஞ்சம் கணவாய்.
ஓடிப்போய்ப் பிளக்கைத் திரும்ப மாட்டினேன்.
பிடுங்கியதை விட அதுதான் பிழை.
"உன்ர தம்பிதான் கடைசியாப் பூட்டினவன்," என்றார் கமலநாதன்.
சிவகடாட்சம் திருப்பிச் சொன்னதை
இந்தக் கவிதையில் எழுத ஏலாது.
ஃப்ரீசர் அவர்களுக்கு நடுவில் நின்று
சீராக உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டு செத்தவீட்டிலும் நான் பூ வைத்தேன்.
இரண்டு பேரின் நெற்றியும் குளிர்ந்திருந்தது.

பிள்ளைகள் சிப்ஸ் வாங்க வெளியே போனார்கள்.
கல்லாவில் கிடந்த நீலப் பேனாவை எடுத்தேன்.
பனிக்குகையில் பிளக் கிடையாது. தெரியும்.
இருந்தும் குமிழிக்குள் அதைத்தான் எழுதினேன்:
பிளக்கைப் பிடுங்கினது நான்.

பிரணவன் வாசித்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.
"பிளக்கோ! அன்ரி, நீங்கள் வேற லெவல்."
வாயில் சிப்ஸோடு ஆரணி கொஞ்சம் பேசாமல் நின்றாள்.
அவள் வீட்டில் அந்த மீனின் கதை
எத்தனை சாப்பாட்டு மேசைகளில் நாறியிருக்கும்.
பிறகு மெதுவாகச் சொன்னாள்:
"இப்ப போடக் கூடாது. இது கடைசிப் பாகத்துக்கு."
"எத்தினை பாகம் இருக்கு?" என்றேன்.
"பாப்பம்," என்றான் அவன்,
குமிழியின் மேல் வெள்ளை மை பூசி ஊதிக்கொண்டே.

நாற்பது பிரதி.
பூசிய இடத்தின் விளிம்பு
ஒவ்வொன்றிலும் மெல்லிய சாம்பல் கோடாய் விழுகிறது.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
வலப்பக்கம் அடிக்கிறேன், ஒவ்வொன்றாக.

பிரணவன் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.
ஆரணி மட்டும்
மூலப் பக்கத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து
பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
அவளுடைய பஸ் வருகிறது.
அவள் ஏறவில்லை.